விக்டோரிய நாட்டுப்புற மாளிகை என்றால் என்ன? கிராக்சைடு வீட்டையும் அதன் மலைச்சரிவையும் முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பார்க்கும் நமக்கு அவற்றைப் பற்றி மூன்று எண்ணங்கள் எளிதில் பதிந்துவிடுகின்றன: அவை மிகப் பழமையானவை, அரச குடும்பத்தாருக்கோ பரம்பரைப் பிரபுக்களுக்கோ உரியவை, அவற்றைச் சுற்றியுள்ள காடும் ஏரியும் இயற்கையாகவே அமைந்தவை. இந்த மூன்றும் சில மாளிகைகளுக்குப் பொருந்தலாம். ஆனால் விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் எழுந்த மாளிகைகள் பலவற்றுக்கு ஒன்றுகூடப் பொருந்தாது.

அத்தகைய ஒன்றுதான் வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், ராத்பரி என்னும் சிற்றூரை அடுத்துள்ள கிராக்சைடு. அதைப் பற்றி வழங்கும் செய்திகளிலும் குழப்பம் உண்டு. “உலகிலேயே முதலில் மின்விளக்கு எரிந்த வீடு” என்று ஒருவர் எழுத, அதையே பலரும் திருப்பிச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் உண்மையில் நிகழ்ந்தது அதைவிடச் சுவையானது. அதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டில் வாழ்ந்த அனுபவம் போதும்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம்

“நாட்டுப்புற மாளிகை” என்றதும் கிராமத்தில் கட்டப்பட்ட பெரிய வீடு என்றே பொருள்கொள்ளத் தோன்றும். இடத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வழக்கில் அந்தப் பெயர் இன்னும் குறுகிய பொருளில் ஆளப்படுகிறது. தனக்கென ஒரு பெரிய நிலப்பரப்பை உடைய, அந்த நிலத்தின் தலைமையிடமாக விளங்குகிற வீடே நாட்டுப்புற மாளிகை. நிலம் இல்லாமல் கட்டடம் மட்டும் இருந்தால், அது எவ்வளவு பெரிதாயினும் ஊருக்கு வெளியே உள்ள வீடு, அவ்வளவுதான். அந்த நிலப்பரப்புக்கு எஸ்டேட் என்று பெயர். நம் காதுக்கு எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கோ அச்சொல் வயல், காடு, மேய்ச்சல் நிலம், குடியானவர்களின் வீடுகள், சாலை, ஓடை என ஓர் உரிமையாளரின் கீழ் உள்ள அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும்.

பழைய முறையில் இந்த எஸ்டேட்டே மாளிகைக்குச் சோறு போட்டது. குத்தகைக்கு உழுதவர்கள் ஆண்டுதோறும் செலுத்திய பணத்தில்தான் மாளிகையின் கூரை செப்பனிடப்பட்டது, பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது, விருந்தும் வேட்டையும் நடந்தன. ஒரு மரத்தின் வேரைப் போன்றது அந்த நிலம்; அடிமரமும் கிளையும் மட்டுமே வெளியில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு உள்ளூரில் செல்வாக்கும், பல நேரங்களில் நாடாளுமன்றத்தில் இடமும் கிடைத்தன என்பதால், மாளிகை ஓர் அதிகார மையமாகவும் இருந்தது.

ஆகவே, ஒரு நாட்டுப்புற மாளிகையின் வரலாற்றைப் படிக்கும்போது கட்டடத்தோடு நின்றுவிடாமல், அதைத் தாங்கிய நிலத்தையும் பணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணம் வந்த வழி மாறியது

விக்டோரிய காலத்தில் இந்த வேர் இடம் மாறத் தொடங்கியது. சுரங்கம், இரும்பு, பஞ்சாலை, வங்கி, கப்பல் ஆகியவற்றில் பொருள் ஈட்டியவர்கள் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மாளிகை கட்டினார்கள். 1870களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் வந்து குவியவே இங்கிலாந்தில் விளைபொருள் விலை சரிந்தது. குத்தகை வருமானத்தை மட்டும் நம்பியிருந்த பழைய குடும்பங்கள் தடுமாறின. அதே ஆண்டுகளில் தொழிலதிபர்களோ, நிலத்திலிருந்து எதையும் எதிர்பார்க்காமல், ஆலையில் வந்த பணத்தை நிலத்தில் கொண்டுபோய்க் கொட்ட முடிந்தது. விக்டோரிய மாளிகை பழைய மாளிகையிலிருந்து வேறுபடுவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே: இங்கே நிலம் வீட்டைத் தாங்கவில்லை, எங்கோ தொலைவில் இருந்த தொழிற்சாலை வீட்டையும் நிலத்தையும் சேர்த்துத் தாங்கியது.

கிராக்சைடைக் கட்டிய வில்லியம் ஆம்ஸ்ட்ராங் இதற்குப் பொருத்தமான சான்று. 1810ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று நியூகாசில் நகரில் பிறந்த அவர் வழக்கறிஞராகப் பயிற்சி பெற்றவர். ஆனால் மனம் முழுதும் இயந்திரங்களில் இருந்தது. 1835இல் யார்க்‌ஷயரின் மலைப்பகுதிக்கு மீன்பிடிக்கப் போயிருந்தபோது, ஓடை நீரில் சுழன்ற ஒரு பழைய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மலையிலிருந்து நூற்றுக்கணக்கான அடி இறங்கிவரும் தண்ணீரின் வலிமையில் மிகச் சிறு பங்குதான் அந்தச் சக்கரத்துக்குப் பயன்படுகிறது, மிச்சமெல்லாம் வீணாகிறது என்பது அவருக்கு அப்போது உறைத்தது. அவர் வாழ்க்கை முழுவதையும் நடத்திய எண்ணம் அதுதான் என்பது என் கருத்து.

அதன் விளைவாக 1840களின் நடுவில் நியூகாசில் துறைமுகத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் பளுதூக்கியை அமைத்தார். 1847இல் டைன் ஆற்றங்கரையில் எல்ஸ்விக் என்னுமிடத்தில் தொழிற்சாலை நிறுவினார். கிரிமியப் போரின்போது பீரங்கி வடிவமைப்பில் இறங்கினார். 1859இல் சர் பட்டம் பெற்றார். எல்ஸ்விக் ஆலை பிற்காலத்தில் பல நாடுகளுக்குப் பீரங்கிகளும் போர்க்கப்பல்களும் செய்து விற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பினருக்குமே அதன் பீரங்கிகள் சென்றன. கிராக்சைடின் அழகை எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த மலைச்சரிவில் நடப்பட்ட ஒவ்வொரு செடிக்கும் பின்னால் பளுதூக்கி விற்ற பணம் இருப்பதுபோலவே பீரங்கி விற்ற பணமும் இருக்கிறது.

வீடு ஒரே மூச்சில் எழுந்ததா?

இல்லை. 1863இல் ஆம்ஸ்ட்ராங் ராத்பரிக்கு அருகில் டெப்டன் என்னும் ஓடையின் பள்ளத்தாக்கில் சிறிதளவு நிலம் வாங்கி, மீன்பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் ஏற்ற அளவான ஒரு வீட்டைக் கட்டினார். வார இறுதியில் வந்து தங்குவதற்கானதே அது. பிறகு நிலம் சேர்ந்துகொண்டே போனது. தோட்டமும் காடுமாகிய பகுதி மட்டும் ஏறத்தாழ 1,700 ஏக்கர் ஆனது. 1869இல் ரிச்சர்ட் நார்மன் ஷா என்னும் கட்டடக் கலைஞரை அழைத்து, வீட்டைப் பெரிதாக்கச் சொன்னார். விருந்தினர்கள் வேட்டைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலிலேயே ஷா முழு வீட்டுக்குமான வரைபடத்தைத் தீட்டிவிட்டார் என்ற கதை நீண்டகாலமாக வழங்குகிறது. கதை எப்படியாயினும், கட்டடம் 1880களின் நடுப்பகுதி வரை பகுதி பகுதியாகவே வளர்ந்தது. ஆம்ஸ்ட்ராங் ஓர் அறையை முடித்துவிட்டு, மனம் போனபோது அடுத்ததைத் தொடங்கினார்.

பாறைச் சரிவில் வெட்டிச் சமன்செய்த சிறு தட்டில், ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோல் கூரைகளும் கோபுரங்களும் உயரமான புகைபோக்கிகளும் நெருங்கி நிற்கின்றன. சில முகப்புகளில் மரச்சட்டங்கள் வெளியே தெரியும்படி அமைத்திருப்பதால், ஐந்நூறு ஆண்டு பழைய வீடு என்று எண்ணத் தோன்றும். அந்தத் தோற்றம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது. “பழைய ஆங்கில பாணி” எனப்பட்ட அதை நார்மன் ஷா தம் சிறப்பாக வளர்த்தெடுத்தார்: பழைய பண்ணை வீடுகளிலும் சிற்றூர் மாளிகைகளிலும் கண்ட உறுப்புகளை எடுத்து, புதிய வீட்டுக்குப் போர்த்துவது. புதிதாகப் பணம் சேர்த்தவருக்கு, வீடு எப்போதும் அங்கேயே இருந்ததுபோல் தோன்றுவது ஒரு மதிப்பைத் தந்தது.

உள்ளே இருவேறு மனநிலைகள் தெரிகின்றன. சாப்பாட்டு அறையில் பெரிய கல் கணப்பு ஒன்றும், அதன் இருபுறமும் அமர்ந்து குளிர்காய இருக்கைகளும் உள்ளன. கிழக்கோ மேற்கோ எங்கே போனாலும் நம் வீடே சிறந்தது என்னும் பொருளில் ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் ஒரு வாசகம் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணப்பருகே செருப்பணிந்த கால்களோடு நாய்கள் சூழ ஆம்ஸ்ட்ராங் செய்தித்தாள் படிப்பதாக ஓர் ஓவியமும் உண்டு. வரவேற்பறையோ முற்றிலும் வேறு: கூரை வழியே ஒளி இறங்கும் பெரிய மண்டபம், அதன் ஒரு சுவரை நிறைத்து நிற்கும் பளிங்குக் கணப்பின் எடை ஏறத்தாழ 10 டன். 1884 ஆகஸ்டில் இளவரசர் எட்வர்டும் அவருடைய குடும்பத்தாரும் வந்து தங்கியபோது இந்த அறை புதிதாக முடிந்திருந்தது. பின்னாளில் பாரசீக மன்னரும் சயாம் மன்னரும் வந்தார்கள். எல்ஸ்விக் ஆலையில் கப்பலும் பீரங்கியும் வாங்கக்கூடிய நாடுகளின் தலைவர்களை உபசரிக்கும் இடமாக வீடு மாறியிருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். 1870இல் ராத்பரிக்கு ரயில் வந்தது இதற்குப் பெரிதும் உதவியது.

இதுவரை கண்டதைச் சேர்த்துச் சொன்னால்: பழைமையான தோற்றம் கொண்ட இந்த வீடு புதிய பணத்தில், ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் சிறுகச் சிறுக எழுந்தது; ஓய்வு இல்லமாகத் தொடங்கி, வணிகத்துக்கு உதவும் விருந்தினர் மாளிகையாக வளர்ந்தது.

தண்ணீர் எப்படி வேலை செய்கிறது?

இனி வீட்டின் உயிர்நாடிக்கு வருவோம். மாடியில் தொட்டி வைத்த வீட்டில், தரைத்தளக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வரும். தொட்டிக்குச் சற்றுக் கீழே உள்ள குழாயில் சோம்பலாக வடியும். தொட்டி ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், மாறுவது உயரம். தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் அது வெளியேறும் இடத்துக்கும் இடையே உள்ள இந்தச் செங்குத்து வேறுபாட்டை வீழ்உயரம் என்று அழைப்போம். வீழ்உயரம் கூடக்கூடக் குழாயின் அடியில் அழுத்தம் கூடும்.

எவ்வளவு கூடும் என்பதையும் எளிதாகக் கணக்கிடலாம். ஒரு நொடிக்கு ஒரு லிட்டர் வீதம் தண்ணீர் 10 மீட்டர் கீழிறங்கினால், அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 100 வாட். அதே ஒரு லிட்டர் 100 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 1,000 வாட். இயந்திரத்தில் கொஞ்சம் வீணாகும் என்றாலும் அளவு இதுதான். அதாவது, பெரிய ஆறு தேவையில்லை. சிறிய ஓடையாக இருந்தாலும் போதிய உயரத்திலிருந்து மூடிய குழாயில் இறக்கிக் கொண்டுவந்தால் வலிமை கிடைக்கும். 1835இல் அந்தச் சக்கரத்தின் அருகே நின்றபோது ஆம்ஸ்ட்ராங்குக்கு உறைத்தது இந்தக் கணக்கே. அவர் மலைச்சரிவை வீடு கட்டத் தேர்ந்ததை வெறும் காட்சி இன்பத்துக்காக என்று எண்ணுவது பிழை.

எஸ்டேட்டில் அணைகள் கட்டப்பட்டு ஐந்து ஏரிகள் உண்டாக்கப்பட்டன. வீட்டுக்குக் கீழே, டெப்டன் ஓடையை மறித்து உருவாக்கிய டம்பிள்டன் ஏரியின் அணையடியில் ஒரு நீரேற்று நிலையம் அமைந்தது. இங்கே தண்ணீரைத் தண்ணீரே ஏற்றியது. பல குடம் தண்ணீர் கொஞ்ச தூரம் கீழிறங்கும் வலிமையைக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரை வெகு உயரத்துக்கு அனுப்புவது அதன் வேலை. தராசின் ஒரு தட்டில் கனமான பொருள் தாழும்போது மறுதட்டு எழுவதை நினைத்துக்கொண்டால் போதும். நிலக்கரி எரிக்கத் தேவையில்லை. இப்படி ஏற்றப்பட்ட நீர், வீட்டுக்கு மேலே மலையில் இருந்த தொட்டியில் தேங்கி, அங்கிருந்து அழுத்தத்தோடு வீட்டுக்குள் இறங்கியது.

அந்த அழுத்தம் வீட்டுக்குள் பல வேலைகளைச் செய்தது. அடைத்த குழாய்க்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக்கொண்டு ஒரு பொருளைத் தள்ளுவதற்கு ஹைட்ராலிக் முறை என்று பெயர். ஊசிபோடும் சிரிஞ்சின் முனை வழியாகத் தண்ணீரை வேகமாக உள்ளே செலுத்தினால் அதன் தண்டு பின்னால் நகரும் அல்லவா? அந்தத் தண்டின் இடத்தில் பெரிய இரும்பு உருளையையும், அதோடு இணைந்த ஒரு கூண்டையும் வைத்தால் லிஃப்ட் கிடைத்துவிடும். கிராக்சைடில் அத்தகைய லிஃப்ட் இருந்தது. சமையலறையில் இறைச்சியை நெருப்பின் முன் சுழற்றும் கம்பியும் தண்ணீரால் சுழன்றது. நூலகத்துக்கு அடியில் வெந்நீர், நீராவி, குளிர்ந்த நீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய துருக்கிக் குளியலறைகள் அமைந்தன. வீட்டுக்குள் சூடான காற்றைச் செலுத்தும் ஏற்பாடும் இருந்தது. அறைக்கு அறை தொலைபேசியும் பின்னர் வந்தது.

சுருக்கமாக நினைவில் கொள்ள: உயரம் அழுத்தத்தைத் தருகிறது, அழுத்தம் உருளையைத் தள்ளுகிறது, உருளை சுமையைத் தூக்குகிறது. இதுவரை மின்சாரத்துக்கு வேலையே இல்லை.

ஓடை எப்படி விளக்கானது?

பழைய மிதிவண்டியில் சக்கரத்தை உரசிச் சுழலும் சிறிய டைனமோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே சுழற்சி ஏற்பட்டால் கம்பியில் மின்சாரம் ஓடும். சுழற்சியை மின்சாரமாக மாற்றும் அந்தக் கருவியே டைனமோ. மிதிவண்டியில் நம் கால் சுழற்றுகிறது. கிராக்சைடில் தண்ணீர் சுழற்றியது. குழாயில் இறங்கும் நீர் தகடுகளின்மேல் பாய்ந்து சுழலச்செய்யும் சக்கரத்துக்கு டர்பைன் என்று பெயர். ஆகத் தண்ணீரிலிருந்து மின்சாரம் “எடுக்கப்படுவதில்லை”. தண்ணீர் டர்பைனைச் சுழற்ற, டர்பைன் டைனமோவைச் சுழற்ற, டைனமோ மின்சாரத்தைத் தருகிறது. வெளியேறும் தண்ணீரில் எதுவும் குறைந்திருக்காது. அது உயரத்தை மட்டுமே இழந்திருக்கும்.

1878இல் ஆம்ஸ்ட்ராங் சீமென்ஸ் நிறுவனத்தின் டைனமோ ஒன்றை நீர்விசையால் இயக்கி, தம் ஓவியக் கூடத்தில் வில்விளக்கு ஒன்றை ஏற்றினார். இரண்டு கரித்துண்டுகளின் முனைகளுக்கு இடையே மின்சாரம் தாவும்போது எழும் கூசும் ஒளியே வில்விளக்கு. கலங்கரை விளக்கத்துக்கும் தெருவுக்கும் பொருத்தமானது. இரைச்சலும் கண்கூச்சமும் உடையதால் வீட்டுக்குள் வைத்துப் படிக்க ஏற்றதன்று.

அதன்பின் வந்தது இழைவிளக்கு: காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரி இழை சூடேறி ஒளிர்வது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோசப் ஸ்வான் அதே டைன் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவர், ஆம்ஸ்ட்ராங்குக்கு நண்பர். 1880 இறுதியில் ஸ்வானின் விளக்குகள் கிராக்சைடில் பொருத்தப்பட்டன. 1881 ஜனவரியில் ஒரு பொறியியல் இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஆம்ஸ்ட்ராங் அந்த அமைப்பை நுணுக்கமாக விவரித்திருக்கிறார்: மொத்தம் 45 விளக்குகள், இணைப்புகளை மாற்றி மாற்றி ஒரே நேரத்தில் 37 வரை எரிக்கலாம், டர்பைன் இருந்த இடம் வீட்டிலிருந்து 1,500 கஜம் தொலைவில். ஓடையே வீட்டுக்கு விளக்கேற்றுகிறது, இதில் எரிந்து தீர்வதற்கு எந்தப் பொருளும் இல்லை என்ற கருத்தை அவர் அக்கடிதத்தில் பெருமிதத்தோடு எழுதினார். நிலக்கரியால் உயர்ந்த நகரத்தில் தொழில் நடத்திய ஒருவர் இப்படி எழுதியது குறிப்பிடத்தக்கது.

அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நூலக விளக்குகளைப் பற்றிய பகுதி. செம்பின்மேல் வண்ணப் பூச்சிட்ட சாடிகளின் மேல் விளக்குகள் நின்றன. மின்சாரம் உள்ளே ஒரு கம்பி வழியாக ஏறி விளக்குக்குச் சென்று, சாடியின் செம்பு உடல் வழியாகவே கீழே இறங்கியது. சாடி அமர்ந்த இடத்தில் பாதரசம் இருந்த சிறு கிண்ணம் இணைப்பைத் தந்தது. அப்படியானால் விளக்கை அணைப்பது எப்படி? சாடியைத் தூக்கிவிட வேண்டும். மீண்டும் வைத்தால் எரியும். சுவரில் பொருத்தும் சுவிட்ச் பரவலாகாத நாளில், ஒருவர் தம் அறிவைக்கொண்டு அதற்குக் கண்ட வழி இது. அந்தச் சாடிகளை இன்றும் நூலகத்தில் காணலாம்.

1886இல் இன்னும் பெரிய அமைப்பு வந்தது. எஸ்டேட்டின் உயரத்தில் உள்ள நெல்லிஸ் மாஸ் ஏரிகளின் நீரைக் குழாயில் இறக்கி, பள்ளத்தாக்கின் அடியில் பர்ன்ஃபுட் என்னுமிடத்தில் கட்டிய மின்நிலையத்தில் பாயவிட்டார்கள். வீழ்உயரம் ஏறக்குறைய 340 அடி, அதாவது 100 மீட்டருக்குச் சற்று அதிகம். முன்னே பார்த்த கணக்கின்படி, ஒரு நொடிக்கு ஒரு லிட்டர் இறங்கினாலே ஆயிரம் வாட் அளவுக்கு வரும் உயரம் அது.

இப்போது “முதல் வீடு” என்ற பேச்சைச் சரிசெய்துகொள்ளலாம். மின்விளக்கு எரிந்த முதல் வீடு கிராக்சைடு அன்று. ஸ்வான் தம் சொந்த வீட்டிலேயே தம் விளக்குகளை முன்னர்ச் சோதித்திருந்தார், வில்விளக்குகள் அதற்கும் பல்லாண்டு முந்தையவை. நீர்விசையால் உண்டாக்கிய மின்சாரத்தால் விளக்கேற்றப்பட்ட முதல் வீடு என்பதே அதற்குரிய பெருமை. இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும், முன்னது பிழை, பின்னது சரி.

எல்லாவற்றையும் தண்ணீரே செய்ததா?

இத்தனை கருவிகளையும் படித்தபின், வீட்டில் வேலைக்காரர்களே தேவைப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் வீட்டு வேலை செய்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெண்கள் செய்த தொழில்களில் அதுவே மிகப் பெரியது. விக்டோரிய மாளிகையின் வரைபடமே அவர்களைக் கண்ணில் படாமல் நடமாடச் செய்வதற்காகத் தீட்டப்பட்டது. குடும்பத்தாருக்கு அகலமான மாடிப்படி, பணியாளருக்குப் பின்புறம் குறுகலான படி. ஆண் பணியாளர் தங்குமிடம் ஒருபுறம், பெண் பணியாளர் தங்குமிடம் இன்னொருபுறம். வாடை வராதபடி சமையலறை தள்ளி. மணியடித்தால் வர வேண்டும், அடிக்காதபோது தெரியக் கூடாது.

கிராக்சைடின் ஹைட்ராலிக் லிஃப்ட் விருந்தினரின் சொகுசுக்காக மட்டும் அமைந்ததன்று. எரிவாயுக் கணப்போ மின்கணப்போ இல்லாத காலத்தில் மேல்தளங்களின் ஒவ்வொரு அறைக்கும் நிலக்கரி சுமந்து ஏறியவர்கள் பணிப்பெண்கள். அந்தச் சுமையை லிஃப்ட் தூக்கியது. ஆம்ஸ்ட்ராங்கின் இயந்திரங்களில் எனக்கு உண்மையான மதிப்பை உண்டாக்குவது இதுவே.

ஆனால் அந்த மதிப்போடு இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. ஷாவின் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த 1871இல், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை கேட்டு டைன் ஆற்றங்கரைப் பொறியியல் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதிரணியில் நின்ற முதலாளிகளுக்கு முன்னணியில் இருந்தவர் ஆம்ஸ்ட்ராங். இறுதியில் தொழிலாளர்களே வென்றார்கள்.

மலைச்சரிவு இயற்கையானதா?

இன்று கிராக்சைடுக்குப் போகிறவர் அடர்ந்த ஊசியிலைக் காட்டையும், ஜூன் மாதத்தில் மலையெங்கும் பூத்துக் குலுங்கும் ரோடோடென்ட்ரான் புதர்களையும் பார்த்து, இந்தக் காட்டின் நடுவே வீடு கட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பார். நடந்தது தலைகீழ். ஆம்ஸ்ட்ராங் வாங்கியபோது அது பெரும்பாலும் பாறையும் புதர்ச்செடியுமான வெற்றுச் சரிவு. அங்கே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களும் புதர்களும் நடப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மேல்மண் குறைந்த, அமிலத்தன்மை மிக்க நிலம் என்பதால், அதைத் தாங்கி வளரக்கூடியவை தேர்ந்தெடுக்கப்பட்டன: வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த டக்ளஸ் ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள், அமில மண்ணை விரும்பும் ரோடோடென்ட்ரான்கள். விக்டோரிய காலச் செடி சேகரிப்பாளர்கள் அமெரிக்காவிலும் இமயமலையிலும் அலைந்து அனுப்பிய விதைகள் இங்கிலாந்துத் தோட்டங்களின் முகத்தையே மாற்றியிருந்த நேரம் அது.

வீட்டின் அடிவாரத்தில் ஓடை வரை இறங்கும் பாறைத் தோட்டமும் அவ்வாறே. எங்கெங்கோ இருந்த கற்பாறைகளைக் கொண்டுவந்து, இயற்கையாக உருண்டு கிடப்பதுபோல் அடுக்கினார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய பாறைத் தோட்டங்களில் ஒன்று அது. இந்த வேலையில் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி மார்கரெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. செடிகளைப் பற்றிய ஆர்வமும் அறிவும் அவருக்கு இருந்தன. வீட்டைப் பற்றிய எழுத்துகளில் அவர் பெயர் அருகியே வருவது வருந்தத்தக்கது.

ஓடைக்கு அப்பால் முறைப்படி அமைந்த தோட்டம் இருக்கிறது. அங்குள்ள கண்ணாடி வீட்டில் பழமரங்கள் பெரிய தொட்டிகளில் வளர்க்கப்பட்டன. தொட்டிகள் சுழலும் தட்டுகளின்மேல் நின்றதால், அவ்வப்போது திருப்பிவைத்து எல்லாப் பக்கமும் வெயில் படச் செய்யலாம். ஏரி, காடு, பாறை, பழத்தோட்டம் என எதைத் தொட்டாலும் அதன் அடியில் ஒரு திட்டம் இருக்கிறது. ஏரி அழகுக்காக என்று நினைத்தால் அது மின்நிலையத்தின் தொட்டி. வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தனித்தனியே பார்க்கக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது கிராக்சைடில் இப்படித்தான் பொருள்படுகிறது.

அவருக்குப் பின்

1900 டிசம்பரில் ஆம்ஸ்ட்ராங் தம் தொண்ணூறாம் வயதில் கிராக்சைடிலேயே காலமானார். குழந்தைகள் இல்லாததால் சொத்து உறவினர் வழிக்குச் சென்றது. பத்தாண்டுகளுக்குள், 1910இல், அவர் சேகரித்த சிறந்த ஓவியங்கள் ஏலத்துக்குப் போயின. மற்ற நாட்டுப்புற மாளிகைகளின் நிலையும் இதைவிடக் கடினமாக இருந்தது: 1894இல் வந்த மரபுரிமை வரி தலைமுறை மாறும்போதெல்லாம் சொத்தைக் கரைத்தது, உலகப் போர்கள் வாரிசுகளையும் பணியாளர்களையும் கொண்டுபோயின, 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிக்கப்பட்டன. விக்டோரிய பாணியை நெடுங்காலம் அழகற்றதெனக் கருதினார்கள் என்பதால், அக்கால வீடுகளுக்காகப் பரிந்து பேசியவர்கள் சிலரே.

கிராக்சைடு தப்பியது. வரிக்கு ஈடாக அரசுக்குக் கொடுக்கப்பட்ட அது, 1977இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பிடம் வந்து, 1979இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2014இல் டம்பிள்டன் ஏரியில் புதிதாக ஒரு நீர்மின் கருவி நிறுவப்பட்டது: 17 மீட்டர் நீளமுள்ள திருகு ஒன்று, மேலிருந்து வழியும் நீரின் எடை அதைச் சுழற்ற, ஏறத்தாழ 12 கிலோவாட் மின்சாரம் கிடைக்கிறது. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை வீட்டின் விளக்குகளுக்கு அது போதும்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று, ஆம்ஸ்ட்ராங்கின் பிறந்தநாளில், ஆர்வென் என்று பெயரிடப்பட்ட புயல் நார்தம்பர்லாந்தைத் தாக்கியது. கிராக்சைடில் அவர் காலத்து நெடுமரங்கள் பல வேரோடு சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன. விழுந்தவற்றை அகற்றி, வெறுமையான சரிவில் மீண்டும் கன்றுகளை நட்டு வளர்க்கும் வேலை தோட்டத்தாருக்கு வந்து சேர்ந்தது, 1860களில் முதல் கன்றை நட்டவர்களுக்கு இருந்த அதே வேலை.